கடைசி மூலையில் ஓர் அச்சுக்கூடம்: டெக்சாஸ் மறுமலர்ச்சிக் காலச் சந்தையில் இரண்டு நாள்

ஏப்ரல் 11, வெள்ளி

ஹூஸ்டனில் மகன் வீட்டிலிருந்து கிளம்பும்போது பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டது. பேத்தி ஜனனிக்கு ஏழு வயது. பள்ளியில் முதலாம் எலிசபெத் ராணியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து, ராணியை நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். ராணி இறந்து நானூறு வருடம் தாண்டிவிட்டது என்று சொல்லியும் கேட்கவில்லை. அமெரிக்காவில் ராணியைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, மறுமலர்ச்சிக் காலச் சந்தை. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஒரு கிராமத்தை மரத்தாலும் துணியாலும் கட்டி, வார இறுதிகளில் அதற்குள் வாழ்ந்து காட்டுகிறார்கள். 1963 மே மாதம், லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபில்லிஸ் பேட்டர்சன் என்ற ஆசிரியையும் அவர் கணவர் ரானும் ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட இதைத் தொடங்கினார்கள். இன்று நாடு முழுவதும் பரவிவிட்டது. டெக்சாஸின் மிகப் பெரிய சந்தை 1974இல் தொடங்கியது. அது இலையுதிர்காலத்தில் நடப்பது. நாங்கள் போனது வேறு, சிறியது. குறைகளையும் எழுதப்போவதால் அதன் பெயரையும் ஊரையும் சொல்லவில்லை.

290ஆம் நெடுஞ்சாலையில் வாலர் அருகே பக்கீஸ் என்ற பெட்ரோல் நிலையத்தில் நின்றோம். பெட்ரோல் நிலையம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஒரு கல்யாண மண்டபத்தைவிடப் பெரியது. கழிவறையின் ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஒரு விளக்கு: காலி என்றால் பச்சை, ஆள் இருந்தால் சிவப்பு. ஒருவர் ஓயாமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சர்க்கரைப் பாகில் வறுத்த பெக்கான் பருப்பு வாங்கினோம். கைக்குச் சூடாக, பட்டை வாசனையோடு, எட்டு டாலர்.

பிரென்ஹம் பக்கம் சாலையின் இரு புறமும் புளூபானெட் பூத்திருந்தது, டெக்சாஸின் மாநிலப் பூ. நீலப் பூக்களுக்கு நடுவில் குழந்தைகளை உட்கார வைத்துப் படம் எடுப்பது இங்கே எல்லாக் குடும்பங்களுக்கும் வருடாந்திர வழக்கம். ஒரு மெக்சிகோ குடும்பம் தாங்கள் பிடித்து வைத்திருந்த நல்ல இடத்தை எங்கள் ஜனனிக்காக விட்டுக்கொடுத்து, பூ மிதிபடாமல் நடக்கும் ஒற்றையடித் தடத்தையும் காட்டியது. இரவு ஒரு மோட்டலில் தங்கினோம்.

ஏப்ரல் 12, சனி

காலை பத்தரைக்கே வெயில் சுட்டது. கார் நிறுத்துமிடம் ஒரு மேய்ச்சல் நிலம். அங்கிருந்து வாசலுக்கு இருபது நிமிட நடை, வழியில் ஒரு மரம்கூட இல்லை. ஆனால் வாசலை நெருங்கும்போதே களைப்பு போய்விட்டது. எங்களோடு நடந்தவர்களில் பாதிப் பேர் வேடம் கட்டி வந்திருந்தார்கள். அவர்கள் சந்தையின் ஆட்கள் அல்ல, டிக்கெட் வாங்கி வருகிறவர்கள்தான். வருடம் முழுக்கத் தைத்த உடையை இந்த ஒரு நாளுக்காக உடுத்தி வருகிறார்கள். எனக்கு முன்னால் நடந்த ஒரு பெண், தன் மேலங்கியின் கைப்பூவேலைக்கு எட்டு மாதம் ஆனது என்றார். தையலைத் திருப்பிக் காட்டினார், பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருந்தது.

வாள் கொண்டுவருபவர்களை வாசலில் நிறுத்தி, உறையிலிருந்து உருவ முடியாதபடி கட்டிவிடுகிறார்கள். கட்டியவர் அதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். நான் வழக்கம்போல் சுங்குடிச் சேலையில் போயிருந்தேன். வாசற்காவலர் வேடத்தில் இருந்தவர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து, எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மதுரை என்றேன். அவர் விழிக்கவில்லை. கடல் கடந்து இவ்வளவு தூரம் வந்த அம்மையாருக்கு வழி விடுங்கள் என்று உரக்கக் கூவினார், கூட்டமும் விலகி வழி விட்டது. எலிசபெத் லண்டனில் ஆண்டபோது மதுரையில் நாயக்கர் ஆட்சி. அந்தக் காலத்தில் மதுரையிலிருந்து ஒருத்தி அங்கே போயிருந்தால் இப்படித்தான் வரவேற்பு கிடைத்திருக்குமா என்று எண்ணிக்கொண்டே உள்ளே நுழைந்தேன்.

முதல் தெரு முழுக்கக் கடைகள். சிறகு, மணிமுடி, நெகிழி வாள், வாசனை மெழுகுவத்தி. பேத்திக்கு ஒரு ஜோடி தேவதைச் சிறகு 35 டாலர் என்றார்கள். மருமகள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வாங்கிக்கொடுத்தோம். அட்டை இயந்திரம் வேலை செய்யவில்லை. இத்தனை ஆயிரம் பேர் ஒரே வயலில் கூடியதில் செல்பேசிச் சிக்னல் செத்துப்போயிருந்தது, ரொக்கம் மட்டும்தான் செல்லும். இருந்த ஒரே பண இயந்திரத்தின் முன் என் மகன் நாற்பது நிமிடம் வரிசையில் நின்றான்.

மதியம் வான்கோழிக்கால். இந்தச் சந்தைகளின் அடையாளமே அதுதான், என் முழங்கை நீளத்துக்கு ஒரு புகையிட்ட கால். விலை 19 டாலர். கையில் பிடித்துக் கடித்துத்தான் தின்ன வேண்டும், தட்டு கிடையாது. உப்பு கூடுதல், தோல் கருகல், ஆனால் எலும்பை ஒட்டிய சதை அருமையான மென்மை. வான்கோழி அமெரிக்கப் பறவை. பதினாறாம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்குப் போனது, எலிசபெத் காலத்தில் இங்கிலாந்துக்கு அது புது விருந்து. அதே நூற்றாண்டில்தான் போர்ச்சுக்கீசியர் கப்பலில் மிளகாய் நம் ஊருக்கும் வந்தது. இதை மகனிடம் சொன்னபோது, “அதற்கு முன்னால் சாம்பாரில் என்ன போட்டார்கள் அம்மா?” என்றான். மிளகுதான் என்றேன்.

தண்ணீர் ஒரு பாட்டில் 4 டாலர். இதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், உள்ளே குடிநீர்க் குழாய் எங்கேயும் கண்ணில் படவில்லை. என் எதிரில் ஒரு முதியவர் கம்பளி அங்கியோடு மயங்கிச் சரிந்தார். கடைக்காரப் பெண் ஒருத்தி கல்லாவைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடி வந்து, தன் பாட்டிலை அவர் வாயில் வைத்தாள். சித்திரைத் திருவிழாவில் தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல் பார்த்து வளர்ந்தவள் நான். கூட்டத்தைக் கூட்டுகிறவன் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

மூன்று மணிக்குக் குதிரைவீரர் போட்டி. நிஜக் கவசம், நிஜக் குதிரை, ஈட்டி கேடயத்தில் மோதி உடையும் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. “ஹுஸ்ஸா!” என்று கூவ வேண்டும், அதுதான் இங்கே வாழ்த்தொலி. இரண்டாம் சுற்று முடிவதற்குள் வடக்கே வானம் கறுத்தது. மின்னல் அருகே வந்துவிட்டது, எல்லோரும் கார்களுக்குப் போங்கள் என்று அறிவித்தார்கள். அறிவித்தது சரிதான். ஆனால் எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. உள்ளே வந்த ஒரே வாசல் வழியாக அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பினோம். வாசலில் ஒருவர், டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நாளை செல்லும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார் அருகே போவதற்குள் முழுக்க நனைந்துவிட்டோம். மேய்ச்சல் நிலம் சேறாகிவிட்டது. பின் சக்கரம் சுழன்றதே தவிர, கார் அசையவில்லை. மகன் இறங்கித் தள்ளினான், நானும் இறங்கப் போனேன். அதற்குள் நான்கு பேர் வந்துவிட்டார்கள். இருவர் ஸ்காட்லாந்துப் பாவாடை, ஒருவர் கடற்கொள்ளையர் உடை, இன்னொருவர் வளையக் கவசம் போட்ட வீரர். கேட்காமலே தோள் கொடுத்தார்கள். கவசக்காரர் தன் தோல் மேலங்கியைக் கழற்றிச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். வேண்டாம், பாழாகிவிடும் என்று நான் பதறினேன். தோல்தானே, கழுவினால் போகும் என்றார். கார் வெளியே வந்ததும் நன்றி சொல்லக் கண்ணாடியை இறக்குவதற்குள் அடுத்த காருக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து சாலையைத் தொட ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. போக்குவரத்தை ஒழுங்குபடுத்த ஒருவரும் இல்லை.

காருக்குள் உட்கார்ந்து காலையில் கட்டி வந்த தயிர்சாதமும் மாவடுவும் சாப்பிட்டோம். ஜனனி நனைந்த சிறகைக் கழற்றாமலே தூங்கிவிட்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

“இன்றைக்கும் போக வேண்டுமா அத்தை?” என்று மருமகள் கேட்டாள். ராணியை இன்னும் பார்க்கவில்லை என்று ஜனனி கண்கலங்கினாள். போனோம். மழைக்குப் பின் காற்று குளிர்ந்து, சேற்றின் மேல் வைக்கோல் பரப்பியிருந்தார்கள்.

நேற்றைய டிக்கெட் இன்று செல்லும் என்ற வாக்கு டிக்கெட் கொட்டகைக்கு எட்டவே இல்லை. அங்கிருந்த இளம்பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, மேலாளரைத் தேடிப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. எங்களுக்குப் பின்னால் நின்ற இரண்டு குடும்பங்கள் வெறுத்துப்போய்த் திரும்பிவிட்டன. நேற்று வாசலில் ஒரு முத்திரை குத்திக் கொடுத்திருந்தால் போதும்.

பதினோரு மணிக்கு ராணி வந்தார். ஜனனியின் சிறகைப் பார்த்து, இந்த நாட்டுத் தேவதைகள் நேற்றைய மழையில் நனையவில்லையே என்று விசாரித்தார். பிறகு என்னிடம் திரும்பி, உங்கள் கரையிலிருந்து வரும் மிளகுக்குப் போர்ச்சுக்கீசியர் கேட்கும் விலை நியாயமா என்றார். நியாயம் இல்லை என்றேன். அதற்கு ஒரு வழி செய்கிறேன் என்று தலையசைத்துப் போனார். உண்மையான எலிசபெத் அந்த வழியை 1600 டிசம்பர் 31 அன்று செய்தார், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமைப் பட்டயம் கொடுத்தது அன்றுதான். அடுத்த முந்நூற்றைம்பது வருடக் கதை அங்கே தொடங்குகிறது. அந்த நடிகைக்கு அது தெரிந்திருந்தது என்று அவர் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. வேடத்துக்குப் பின்னால் இவ்வளவு படிப்பு இருக்கிறது.

கழிவறையைத் தேடிக்கொண்டு கடைசி மூலைக்குப் போனபோதுதான் அச்சுக்கூடத்தைப் பார்த்தேன்.

தற்காலிகக் கழிவறைகளின் வரிசைக்கும் டீசல் ஜெனரேட்டருக்கும் பின்னால் ஒரு மரக்கொட்டகை. பெயர்ப்பலகை இல்லை. உள்ளே முழுக்க மரத்தால் ஆன ஒரு கை அச்சு இயந்திரம், என்னைவிட இரண்டு முழம் உயரம். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் அங்கே தனியாக நின்று எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கால் நகரவில்லை. மதுரையில் ஓர் அச்சகத்தில் நாற்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவள் நான். முதல் இருபது வருடம் ஈய எழுத்துக் காலம். எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்கள் தலைகீழ் எழுத்தை விரலாலேயே படிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதரின் கட்டைவிரலும் அப்படித்தான் எழுத்தின் முகத்தைத் தடவிப் போனது.

நான் தொழில்காரி என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. ஆட்டுரோமம் அடைத்த இரண்டு தோல் பந்துகளை மையில் ஒற்றி, ஒன்றோடொன்று உருட்டினார். மை சரியான பதத்தில் இருந்தால் பந்துகள் பிரியும்போது முத்தமிடுவது போல ஒரு சத்தம் வரும், அதைக் கேளுங்கள் என்றார். ஆளிவிதை எண்ணெயும் கரியும் கலந்த மை. அதைக் கோத்த எழுத்துகளின் மேல் ஒற்றினார். முந்தின இரவே ஈரப்படுத்தி வைத்த தாளை எடுத்துத் தோல் சட்டத்தில் பதித்து மடித்தார், எழுத்து இருந்த மேடையை உருட்டி, அழுத்தும் பலகைக்கு அடியில் தள்ளினார். “இழு” என்று ஜனனியிடம் சொன்னார். அவள் இரண்டு கையாலும் தடியைப் பிடித்துத் தொங்கினாள். மரம் முனகியது. தாளை உரித்து எடுத்தபோது மெல்ல ஒரு சரசரப்பு. தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன், எழுத்துகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. கணினி வந்த பிறகு அந்த மேடுபள்ளத்தை என் விரல் மறந்தே போயிருந்தது.

தாளில் ஆங்கில நெடுங்கணக்கு, சுற்றிலும் இலைச் சித்திரம். ஜனனி விரல் வைத்து எண்ணினாள். “இருபத்துநான்குதான் இருக்கிறது. என் ஜே எங்கே? யு எங்கே?” என்றாள். அவர் மண்டியிட்டு அவள் உயரத்துக்கு வந்து சொன்னார்: அந்தக் காலத்தில் ஐ, ஜே இரண்டும் ஓர் எழுத்து, யு, வி இரண்டும் ஓர் எழுத்து. உன் பெயரை நான் ஐ போட்டுத்தான் கோக்க வேண்டும். கோத்தும் காட்டினார். தன் பெயரை அந்த உருவத்தில் பார்த்து அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தமிழிலும் உன் பெயரைச் சனனி என்று எழுதுகிறவர்கள் உண்டு, ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், படிக்கிறவர்தான் புள்ளியை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று நானும் சொல்லிக்கொடுத்தேன். “அப்படியென்றால் எழுத்துகூட மாறுமா அப்பத்தா?” என்றாள். இந்தக் கேள்விக்காக இன்னொரு முறை நனையலாம்.

உங்கள் ராணிக்கு நாற்பத்தைந்து வயதானபோது, 1578இல், கொல்லத்தில் தமிழில் புத்தகம் அச்சாகிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் கொண்டுவந்த ‘தம்பிரான் வணக்கம்’, பதினாறே பக்கம், இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். அவருக்கு இது புதுச் செய்தி. எழுத்தை யார் வார்த்தது, எதில் வார்த்தது என்று கேள்வி மேல் கேள்வி. ஜெனரேட்டர் சத்தத்தில் இருவரும் கத்திக் கத்தித்தான் பேசினோம். ஒரு தாளை நீட்டி, உங்கள் முதல் எழுத்தை எழுதிக் காட்டுங்கள் என்றார். ‘அ’ எழுதினேன். அதைக் கண்ணாடியில் பிடித்துத் தலைகீழாகப் பார்த்தார். இந்தச் சுழியை உளியால் வெட்டியவன் கை பெரிய கை என்றார்.

ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அங்கே நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், உட்கார ஒரு பலகைகூட இல்லை. அந்த நேரத்தில் எட்டிப் பார்த்தவர்கள் பதினொரு பேர். அதில் ஆறு பேர் கழிவறை எங்கே என்று கேட்க வந்தவர்கள். இவருக்குச் சம்பளம் கிடையாது. தாள் ஒன்று 5 டாலருக்கு விற்பதும் தொப்பியில் விழும் காசும்தான், அதிலிருந்து கொட்டகைக்கு வாடகையும் கட்ட வேண்டும். வண்டியில் இந்த இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போகிறார். பக்கத்தில் ஒரு கொல்லர், ஒரு நெசவுக்காரப் பெண். அவர்களுக்கும் இதே கதி. நெகிழி வாளுக்கு முதல் தெரு, வாளை அடித்துக் காட்டுகிறவருக்குக் கழிவறைப் பின்புறம்.

மாலையில் எல்லாக் கலைஞர்களும் வாசலில் கூடி வழியனுப்புப் பாட்டுப் பாடினார்கள். நேற்றைய கவசக்காரரைத் தேடினேன், காணவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. ஹூஸ்டன் திரும்பி, வேப்பம்பூ கிடைக்காமல் மாங்காய்ப் பச்சடி மட்டும் செய்தோம். வடை பொரித்துக்கொண்டிருந்தபோது மகனின் மின்னஞ்சலுக்குச் சந்தையிலிருந்து கருத்துப் படிவம் வந்தது. ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று பன்னிரண்டு கேள்விகள். கடைசியில் ‘வேறு ஏதேனும்’ என்று ஒரு பெட்டி, ஐந்நூறு எழுத்துக்கு மேல் ஏற்காது. நட்சத்திரம் போடச் சொன்னால் நடிகர்களுக்கு ஐந்தும் தண்ணீருக்கு ஒன்றும் போடுவேன், அதைக் கூட்டி வகுத்தால் மூன்று வரும். அந்த மூன்றை வைத்து யார் எதைச் சரிசெய்வார்கள்? காகிதத்தில் எழுதுவது என்று முடிவு செய்தேன். ஆங்கிலத்தை மருமகள் சரிபார்த்துக் கொடுத்தாள்.

அச்சுக்கூடத்தையும் கொல்லுப்பட்டறையையும் தறியையும் முதல் தெருவின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள் என்பதில்தான் தொடங்கினேன். எதிரில் நிழலோடு நான்கு பலகை போடுங்கள். உட்கார்ந்தவர் பார்ப்பார், பார்த்தவர் கேட்பார், தொப்பியிலும் காசு விழும். ஜெனரேட்டரை வேறு பக்கம் மாற்றுங்கள். அந்த மனிதருக்கு ஒரு பெயர்ப்பலகை கொடுங்கள், அவர் கையாலேயே அச்சிடச் சொல்லுங்கள். பிறகு தண்ணீர்: இரண்டு இடத்தில் இலவசக் குழாய், காலிப் பாட்டிலை உள்ளே கொண்டுவர அனுமதி. மழையில் மூடும் நாளில் டிக்கெட்டுக்கு முத்திரை. வெளியேற இரண்டாவது வாசல், கார் நிலத்தில் நான்கு ஆட்கள். சிக்னல் இல்லாமலும் நடக்கும் ஒரு கட்டண முறை, அதுவரை இன்னும் இரண்டு பண இயந்திரம். கழிவறைக்கு வழிகாட்டும் பலகைகள், பக்கீஸைப் போல மேலே ஒரு விளக்கு.

காரைத் தள்ளிய நால்வர், கல்லாவை விட்டுவிட்டு ஓடி வந்த கடைக்காரப் பெண், மிளகு விலை கேட்ட ராணி, இவர்களுக்குத் தனியாக ஒரு பக்கம். உங்கள் சந்தைக்கு நாங்கள் மறுபடி வருவது இவர்களால்தான் என்று எழுதினேன். சேற்றில் போட்ட அந்தத் தோல் அங்கிக்கு உரியவர் கிடைத்தால் சேர்த்துவிடும்படி இருபது டாலர் நோட்டு ஒன்றையும் உறைக்குள் வைத்தேன்.

மொத்தம் மூன்று பக்கம். பழக்கம் விடவில்லை, முடித்ததும் சிவப்புப் பேனாவால் இரண்டு முறை மெய்ப்புப் பார்த்து, மறுபடி நல்ல பிரதி எழுதினேன். நான்காவது தாளில் ஜனனி சந்தையின் வரைபடம் போட்டாள். முதல் தெருவில், நெகிழி வாள் கடை இருந்த இடத்தில் பெரிய அச்சு இயந்திரம், அதன் முன்னால் நான்கு பலகை, ஒரு பலகையில் சேலை கட்டிய ஒருத்தி. அடியில் தன் பெயரை ஐ போட்டு எழுதியிருக்கிறாள்.